ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் வந்தேன்

"தம்பி, நீங்களே பேப்பர் போட்டுடுங்க. ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும்" என்றார் ஏரியா மேனேஜர். 2019 ஜூலை, மதுரையில் ஒரு ஓட்டல் ரூம். என் பெயரில் ராஜினாமா கடிதம் டைப் செய்து தயாராக இருந்தது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

ஏழு வருடமாக மருந்து ரெப் வேலை. மூன்று மாதமாக டார்கெட்டில் பாதிதான் முடித்திருந்தேன், உண்மைதான். ஆனால் அதில் இரண்டு மாதம் எங்கள் முக்கிய மாத்திரை, கடைகளுக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரியான ஸ்டாக்கிஸ்டிடமே இல்லை. டாக்டர் எழுதிக் கொடுப்பார், கடையில் போய்க் கேட்டால் "சரக்கு வரலை சார்" என்பார்கள்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். தைரியமெல்லாம் இல்லை, கை நடுங்கியது. கீழே டீக்கடையில் நின்றுகொண்டு ரெப்கள் சங்கத்து அண்ணன் ஒருவருக்கு போன் போட்டேன்.

"கையெழுத்துப் போட்டியா?"

"இல்லண்ணே."

"அப்பப் பொழச்ச."

நாமே எழுதிக் கொடுத்துவிட்டால், வேலையை விட்டு நீக்கினார்கள் என்று நிரூபிப்பது பெரும்பாடு. டை கட்டிய ரெப்புக்குத் தொழிலாளர் சட்டம் ஏது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் 1976-ல் வந்த விற்பனை மேம்பாட்டு ஊழியர்கள் சட்டம் எங்களையும் தொழில் தகராறுகள் சட்டத்துக்குள் கொண்டுவந்திருந்தது.

அன்றிரவே "ராஜினாமா செய்ய எனக்கு விருப்பமில்லை" என்று மெயில் அனுப்பினேன். சரக்கு கேட்டு நான் அனுப்பிய பழைய மெயில்களையும், ஸ்டாக்கிஸ்டின் மாத ஸ்டாக் ஸ்டேட்மென்டையும் பிரிண்ட் எடுத்தேன். அந்த மாத்திரைக்கு நேராக இரண்டு மாதமும் 0.

பத்து நாளில் டெர்மினேஷன் லெட்டர் வந்தது. விசாரணை இல்லை, நோட்டீஸ் சம்பளமும் இல்லை. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தனி ஆளாகவே வழக்கு எழுப்ப வழிசெய்த, அந்தத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 2-ஏ பிரிவின் கீழ் தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் மனு கொடுத்தேன். முதல் இரண்டு தேதிக்கும் கம்பெனி தரப்பில் யாரும் வரவில்லை. மூன்றாவது முறை வந்தவர் டார்கெட் சார்ட்டை விரித்தார். அலுவலர் ஸ்டாக் ஸ்டேட்மென்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, "இல்லாத சரக்கை இவர் எப்படிங்க விப்பாரு?" என்றார். அதற்கப்புறம் பேச்சு பணத்துக்கு வந்துவிட்டது.

மனு கொடுத்து 45 நாள் தாண்டியிருந்ததால் வேலையைத் திரும்பக் கேட்டு நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போயிருக்கலாம். ஆனால் அதே மேனேஜரிடம் திரும்பிப் போக எனக்கு மனமில்லை. ஆட்குறைப்புக்கு இழப்பீடு சொல்லும் 25-எஃப் பிரிவின் கணக்குப்படி ஒரு மாத நோட்டீஸ் சம்பளமும், வருடத்துக்கு 15 நாள் வீதம் ஏழு வருட இழப்பீடும் வாங்கிக்கொண்டு சமரச அலுவலர் முன்னால் போடும் 12(3) ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். கிராஜுவிட்டி தனி. ஐந்து வருடம் முடித்தவனுக்கு அது எப்படியும் வரவேண்டியது, அதையும் ஏதோ சலுகை மாதிரி எழுதப் பார்த்தார்கள். அந்த வரியை அடிக்கச் சொன்னேன்.

2025 நவம்பரில் தொழில் தகராறுகள் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்ததால் பிரிவு எண்கள் இப்போது வேறு. மனு கொடுக்க முன்பு மூன்று வருட அவகாசம் இருந்தது, இப்போது இரண்டுதான்.