ஆடாத எக்ஸ்-கதிர் மூலத்தைத் தேடி

விண்வெளித் தொலைநோக்கியின் சிசிடி உணரியை (படமெடுக்கும் சிலிக்கான் சில்லு) அளவுத்திருத்தம் செய்ய, மாறாத அளவில் கதிர் தரும் எக்ஸ்-கதிர் மூலம் ஒன்று வேண்டியிருந்தது. எல்லோரையும் போல நாங்களும் இரும்பு-55-இல்தான், அதாவது மாங்கனீசாகச் சிதையும் கதிரியக்க இரும்பில்தான் தொடங்கினோம். அதைவிடச் சமர்த்தான மூலம் கிடையாது. மின்சாரம் கேட்காது, சூடு குளிர் பார்க்காது. அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 2.7 ஆண்டு என்பதால் அது தேயும் வேகத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அது தருவது 5.9, 6.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இரண்டு மாங்கனீசுக் கோடுகள், அதாவது அந்தத் தனிமத்துக்கே உரிய கூர்மையான உச்சங்கள், மட்டுமே. நினைத்தபோது அணைக்கவும் முடியாது.

குறைந்த ஆற்றலுக்காக எலக்ட்ரான் மோதல் மூலத்துக்குப் போனோம்: சூடான டங்ஸ்டன் இழை, எதிரே அலுமினியத் தகடு; இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் தகட்டில் மோதி எக்ஸ்-கதிரைக் கிளப்பும். தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது. மின்னோட்டத்தை நிலையாகப் பிடித்து வைத்திருந்தும் அலுமினியக் கோடு நாளுக்கு நாள் இளைத்தது. உணரி கெட்டுவிட்டதா, மூலம் ஆடுகிறதா? உணரியை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொரு சிலிக்கான் உணரியைக் கண்காணிப்புக்கு வைத்தோம். இரண்டிலும் ஒரே அளவு சரிவு. ஆக, ஆடியது மூலம்தான்.

நிறமாலையை (எந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான் என்று காட்டும் வரைபடம்) உற்றுப் பார்த்தபோது 1.49 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் நிற்கும் அலுமினியக் கோட்டுக்கு வலப்புறம், 1.78 அருகே, சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. அது டங்ஸ்டனுடையது. இழையிலிருந்து ஆவியான உலோகம் தகட்டில் மெல்லிய பூச்சாகப் படிந்துகொண்டிருந்தது. இழையைத் தகட்டின் நேர்ப்பார்வையிலிருந்து ஒதுக்கி, மின்புலத்தால் எலக்ட்ரான்களை வளைத்துக் கொண்டுவந்த பிறகு மேடு வளர்வது நின்றது.

மூலம் இனி ஆடவில்லை என்று சரிபார்க்கப் பொறுமை வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தைப் புள்ளியியல் இரைச்சலிலிருந்து பிரித்தறியக் குறைந்தது பத்து லட்சம் ஃபோட்டான்களாவது எண்ண வேண்டும். வேகமாக எண்ணினால் ஒரே படப்புள்ளியில் இரண்டு ஃபோட்டான்கள் விழுந்து, ஒன்றாகக் கூடி, கோட்டையே கெடுத்துவிடும்.

இப்போது இழையையே கைவிட்டு, புற ஊதா எல்இடி ஒளியை ஒளிமின்முனையில் (ஒளி பட்டால் எலக்ட்ரானை உமிழும் பரப்பு) பாய்ச்சி எலக்ட்ரான் எடுக்கும் முறையில் இருக்கிறோம். 2023-இல் ஏவப்பட்ட எக்ஸ்ரிசம் என்ற எக்ஸ்-கதிர் வானியல் விண்கலத்திலும் இவ்வகை மூலம் உண்டு. நொடிக்குள் அணைத்து ஏற்றலாம் என்பது பெரிய வசதி; அணைந்த இடைவெளியில் பின்னணியை அளந்துகொள்கிறோம். ஆனால் எல்இடி சூடேறினால் ஒளி குறைகிறது. அதனால் அதன் வெப்பநிலைக் கட்டுப்பாட்டோடுதான் இந்த வாரமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கண்காணிப்பு உணரியை மட்டும் கழற்றுவதாக இல்லை.