வீட்டில் பாட்டும் கிட்டாரும் பதிவு செய்ய எந்த மைக்?

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய விரும்பும் நண்பர்கள் கையிருப்பைச் சொல்லிவிட்டு ஒரு மாடல் பெயரை எதிர்பார்க்கிறார்கள். அறையின் நீள அகலம் என்ன, மின்விசிறியை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும், பாடிக்கொண்டே வாசிப்பீர்களா அல்லது இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்வீர்களா என்று நான் பதிலுக்குக் கேட்டால் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் வாயிலிருந்தும் கிட்டாரிலிருந்தும் மைக்கை எவ்வளவு தூரத்தில் வைக்கப் போகிறோம் என்று தெரியாமல் மாடலைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அந்தத் தூரத்தைப் பெரும்பாலும் அறைதான் தீர்மானிக்கிறது.

"கண்டென்சர் வாங்காதே, தெருவில் போகிற ஆட்டோவையும் சேர்த்து இழுத்துவிடும், டைனமிக் வாங்கு" என்ற அறிவுரையைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. அதில் பாதிதான் உண்மை. டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வுடன் ஒட்டிய கம்பிச் சுருள் காந்தப்புலத்துக்குள் அசைந்து மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. கண்டென்சரில் சுருள் கிடையாது. மின்னூட்டம் பெற்ற இரு தகடுகளில் ஒன்றாகவே சவ்வு இருந்து, இடைவெளி மாறும்போது சமிக்ஞை பிறக்கிறது. எடை குறைந்த சவ்வு என்பதால் கண்டென்சர் சட்டென்று அசையும், உயர்ந்த அதிர்வெண்களையும் விடாது. ஆனால் அருகில் இருக்கும் குரலையும் தெருவில் போகும் ஆட்டோவையும் பிரித்தறியும் புத்தி இரண்டுக்குமே இல்லை. இரண்டும் கார்டியாய்டு (முன்பக்கம் நன்றாகவும் பின்பக்கம் மிகக் குறைவாகவும் கேட்கும்) வகையாக இருந்து, ஒரே தூரத்தில் வைத்து, ஒரே அளவுக்குச் சத்தத்தைச் சரிசெய்து கேட்டால், ஆட்டோ இரண்டிலும் ஏறக்குறைய அதே அளவில்தான் கேட்கும். டைனமிக்கில் அறை குறைவாகக் கேட்பதற்கு முக்கியக் காரணம், அதை நாம் வாயோடு ஒட்டி வைத்துப் பாடுவதுதான். தூரம் இரட்டிப்பானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியோ அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ஆகவே 60 செ.மீ. தூரத்திலிருந்து 15 செ.மீ. தூரத்துக்கு வந்தால், எந்த மைக்காக இருந்தாலும் அறைக்கு எதிராக 12 டெசிபல் கிடைத்துவிடுகிறது.

குரலுக்கு இந்த நெருக்கம் சாத்தியம். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 டைனமிக் மைக் இன்றும் மேடைகளில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். உதட்டுக்கு அருகே வைத்துப் பாடும் குரலை அது நன்றாகவே பதிவு செய்யும். கிட்டாரில்தான் சிக்கல். மரப்பெட்டி முழுவதும் சேர்ந்து எழுப்பும் ஒலி ஒன்றாகக் கலப்பதற்குக் குறைந்தது ஒரு சாண், ஒன்றரைச் சாண் இடைவெளியாவது வேண்டும். அந்தத் தூரத்தில் விரலால் மெல்ல மீட்டி வாசிக்கும் கிட்டார் டைனமிக் மைக்குக்கு மிகவும் சன்னமான ஒலி. ஷூர் எஸ்எம்57 டைனமிக் மைக் ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்குத் தருவது 1.6 மில்லிவோல்ட், ஆடியோ-டெக்னிகா ஏடி2020 கண்டென்சர் அதே ஒலிக்குத் தருவது சுமார் 14 மில்லிவோல்ட், அதாவது ஏறத்தாழ ஒன்பது மடங்கு. காணொளிகளில் எல்லோர் முகத்துக்கும் முன்னால் தொங்கும் ஷூர் எஸ்எம்7பி இன்னும் அடங்கியது, 1.12 மில்லிவோல்ட்தான். அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) வேண்டும் என்று தயாரித்த நிறுவனமே சொல்கிறது, அதுவும் அருகில் பேசுவதற்கு. மைக்கைக் கணினியோடு இணைக்கும் சிறிய இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்றில் அதை மாட்டி, கெயின் குமிழை முழுவதும் திருகி கிட்டாரைப் பதிவு செய்தால், தந்தி அடங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மேலெழும். போதாக்குறைக்கு, நகம் தந்தியில் படும் அந்த முதல் கணத்தின் கூர்மையும் மழுங்கிப்போகும்.

ஆகையால் குரலுக்கும் கிட்டாருக்கும் சேர்த்து ஒரே மைக்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது, உச்சியை அல்ல, பக்கவாட்டைப் பார்த்துப் பாடும் அமைப்புள்ள ஒரு கார்டியாய்டு கண்டென்சர். ஏடி2020, அல்லது கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ரோட் என்டி1-ஏ. (இவற்றின் உச்சியைப் பார்த்துப் பாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், ரோடில் பொன்னிறப் புள்ளி இருக்கும் பக்கம்தான் முகம்.) விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படும் உள்ளிரைச்சல் (மைக் தானே எழுப்பும் இரைச்சல்) அளவு முன்னதில் 20 டெசிபல், பின்னதில் 5. கேட்பதற்குப் பெரிய வேறுபாடு; ஆனால் நள்ளிரவில்கூட 30 டெசிபலுக்குக் கீழே இறங்காத ஒரு நகரத்து அறையில், உரக்கப் பாடும் ஒருவருக்கு அந்த 15 டெசிபலால் பெரிய பயன் இல்லை. மெதுவாக விரல் வாசிப்பு வாசிப்பவருக்குப் பயன் உண்டு, ஏனென்றால் அறையின் இரைச்சல் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில் முனகிக்கொண்டிருக்க, மைக்கின் இரைச்சல் மேலே தனியாகக் காதில் விழும். என்டி1-ஏ-வின் உச்ச அதிர்வெண்கள் சற்றுத் தூக்கலானவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ச', 'ஸ' ஒலிகள் இயல்பிலேயே கூர்மையாக வரும் குரல்களுக்கு அது ஒத்துவராது. அத்தகையவர்கள் மைக்கின் நேர்முகத்தை விட்டுச் சற்று விலகிப் பாட வேண்டும், அல்லது குரலுக்கு மட்டும் எஸ்எம்58-க்கே திரும்பிவிடலாம்.

கிட்டாருக்கு மைக் வைக்கும் இடத்தில் பலரும் சறுக்குகிறார்கள். ஒலி அந்த வட்டத் துளையிலிருந்துதான் வருகிறது என்று எண்ணி மைக்கை நேராக அதன் முன்னால் வைத்தால், பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிர்வதும், கார்டியாய்டு மைக் அருகில் வரும்போது கீழ் ஒலிகளைத் தானே தூக்கிக் காட்டுவதும் சேர்ந்து, எல்லாம் 'தொம் தொம்' என்று ஆகிவிடும். கழுத்தில் உள்ள 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) நேராக, 20 முதல் 30 செ.மீ. தள்ளி, மைக்கின் முகத்தைக் கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கிச் சற்றே திருப்பி வையுங்கள். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வாசித்தபடியே கிட்டாரை இரண்டு விரற்கடை இடமும் வலமும் நகர்த்திக் கேளுங்கள். தந்திகள் உடலோடு சேரும் பாலத்தின் பக்கம் போனால் ஒலி மூக்கடைத்ததுபோல் ஆகும், கழுத்தின் மேல்பக்கம் போனால் விரல் வழுக்கும் கீச்சொலி கூடும். இடையில் ஓரிடத்தில் ஆறு தந்திகளும் சமமாக நிற்கும். அந்த இடம் கிடைத்தால் தரையில் செல்லோடேப் ஒட்டி நாற்காலிக்கும் ஸ்டாண்டுக்கும் அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் ஐந்தாவது தந்தி மட்டும் வீங்கி ஒலிக்கிறதா? நம் குடியிருப்புகளில் பத்தடிக்குப் பத்தடி அறை சாதாரணம், கூரையும் பெரும்பாலும் அதே உயரம். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரு சுவர்களுக்கிடையில் ஒலி 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸிலும் நிலையலையாக நின்று ஒத்ததிரும்; மூன்று அளவுகளும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் அதே அதிர்வெண்கள் குவியும். வெறுமனே மீட்டும் ஐந்தாவது தந்தியின் அதிர்வெண் 110 ஹெர்ட்ஸ். அறையின் நட்ட நடுவில் அந்த 112 ஹெர்ட்ஸ் அலையின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து இரண்டரை அடியில் அது ஏறக்குறைய இல்லாமல் போகும். எனவே மைக்கை நடு அறையிலிருந்து அந்தப் பக்கமாக நகர்த்திப் பார்ப்பது, மைக்கையே மாற்றுவதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரலாம், செலவும் இல்லை.

மொசைக் தரையும் பூசிய சுவரும் உள்ள அறையில் ஒரு முறை கைதட்டினால் 'ட்ர்ர்' என்று ஓர் அதிர்வு தொடரும். அதை அடக்க முட்டை அட்டைகளை ஒட்டுவதால் ஒன்றும் ஆகாது. கனமான பஞ்சு மெத்தை, புடவைகள் திணித்த திறந்த அலமாரி, இரண்டாக மடித்துத் தொங்கவிட்ட ரஜாய் ஆகியவை நடு, மேல் அதிர்வெண்களை உண்மையாகவே உறிஞ்சும். அவற்றைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்பதுதான் பலருக்கும் தோன்றுவதில்லை. கார்டியாய்டு மைக்குக்குத் தன் பின்புறம் பெரிதாகக் கேட்காது. அதன் முகம் பார்ப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். மைக்கின் முதுகில் மாட்டும் அரைவட்டத் தடுப்பை நிறையப் பேர் வாங்குகிறார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல மெத்தையே வாங்கலாம். மேலே சுழலும் மின்விசிறியை எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும். அதன் சத்தத்தை மிக்ஸிங்கில் ஓரளவு குறைக்கலாம், ஆனால் இறக்கைகள் ஒலியை வெட்டி வெட்டித் திருப்பி அனுப்புவதால் குரலில் ஏறும் நடுக்கத்தை எடுக்கவே முடியாது.

பாடிக்கொண்டே வாசித்தால்தான் பாட்டு வருகிறது என்பவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. வாய்க்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என இரண்டு மைக் வைத்தால், குரல் கிட்டார் மைக்கையும் சென்றடையும், ஆனால் தாமதமாக. 34 செ.மீ. கூடுதல் தூரம் என்றால் ஒரு மில்லி நொடி; அந்தத் தாமதத்தோடு இரண்டையும் கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குரல் மெலிந்து, குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகும். இதற்கு நான் அறிந்த சிறந்த வழி எட்டு வடிவத்தில் கேட்கும் மைக்குகள். அவை முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் 90 பாகையில் செவிடு. குரல் மைக்கின் செவிட்டுப் பக்கத்தைக் கிட்டாருக்கும், கிட்டார் மைக்கின் செவிட்டுப் பக்கத்தை வாய்க்கும் திருப்பி வைத்தால் ஒன்றில் மற்றது கலப்பது வெகுவாகக் குறையும். ஆடியோ-டெக்னிகா ஏடி2050, ரோட் என்டி2-ஏ இரண்டிலும் இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. இரண்டு வாங்க முடியாதவர்கள், ஒரே கார்டியாய்டு மைக்கை அரை மீட்டர் தள்ளி நெஞ்சுக்கு நேராக வைத்து, குரல் அடங்கினால் சற்று மேலேயும் கிட்டார் அடங்கினால் சற்றுக் கீழேயும் நகர்த்திச் சமன்செய்துகொள்ளலாம். அறை மட்டும் மெத்தைகளால் அடங்கியிருக்க வேண்டும்.

கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம், தேவை. இன்றைய இன்டர்ஃபேஸ்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பின்னாளில் இரண்டாவது மைக் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இரண்டு மைக் உள்ளீடுகள் உள்ள இன்டர்ஃபேஸை முதலிலேயே வாங்கிவிடுங்கள். கணினியில் நேராகச் செருகும் யுஎஸ்பி மைக்கில் அந்த வழி அடைபட்டுப்போகிறது. வாய்க்கும் மைக்குக்கும் இடையில் நின்று காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் கட்டாயம். தமிழின் 'ப', ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் 'ப' அளவுக்குக் காற்றைத் தள்ளுவதில்லை என்றாலும், உரக்கப் பாடும்போது தள்ளத்தான் செய்யும்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ஈரம் கண்டென்சரின் சவ்விலும் சுற்றிலும் படிந்தால் மின்னூட்டம் கசிந்து 'பட் பட்' என்ற சத்தம் வரத் தொடங்கும். வேலை முடிந்ததும் ஸ்டாண்டிலேயே விட்டுவிடாமல், காற்றுப் புகாத டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு மூடி வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.