பெட்டிகள் பாலம் தாண்டும் வரை

செப்டம்பர் 8, 2025, திங்கள்

விஎம்வேருக்குக் கொட்டேஷன் வந்துவிட்டது. ஒரே சர்வர் பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்களை (விஎம்) ஓட விடும் சாஃப்ட்வேர் அது. பாஸ் படித்தார், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். "இது ஒரே தடவையா, வருஷா வருஷமா தம்பி?" வருஷா வருஷம் என்றேன். முன்பெல்லாம் லைசென்ஸை ஒருமுறை வாங்கிவிட்டால் நம்முடையது. 2023 நவம்பரில் பிராட்காம் என்ற கம்பெனி விஎம்வேரை வாங்கியது, டிசம்பரிலேயே அந்த விற்பனை நின்றுவிட்டது. இனி சந்தா மட்டும்தான். அதுவும் சிபியுவுக்குள் இருக்கும் கோர் (தனித்தனி மூளை) கணக்கில், ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16. தாத்தா என்று நான் கூப்பிடும் பழைய சர்வரின் சிபியுவில் இருப்பதே 6 கோர். "இல்லாத கோருக்கு எதுக்குக் காசு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அக்டோபர் 2-ம் தேதியோடு, நாங்கள் ஓட்டும் விஎம்வேர் பதிப்பான இஎஸ்எக்ஸ்ஐ 7-க்கு சப்போர்ட் முடிகிறது. அதே மாதம் ஆபீஸ் பினாங்குத் தீவிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மின்யாக்குக்கு மாறுகிறது. எல்லாம் தீபாவளிக்குள் முடிய வேண்டுமாம்.

ஈப்போவிலிருந்து, அதாவது பெண் வீட்டிலிருந்து, போன் இல்லை.

செப்டம்பர் 9

பாஸ் கேட்டார் என்று சர்வர்களின் பட்டியல் எழுதினேன். தாத்தா: 2012-ம் வருஷத்து ஆள். இரண்டு ஜியான் இ5-2620, 64 ஜிபி ராம், டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும் ஒரு ரெய்டு கார்டு. ஆன் செய்தால் ஃபேன் எல்லாம் முழு வேகத்தில் கத்தும், மெமரியைச் சோதித்து முடிப்பதற்குள் கீழே போய்ப் பசியாறிவிட்டு வந்துவிடலாம். கணக்கு, ஃபைல் சர்வர், எல்லாம் இவர் தலையில்தான். சின்னவன்: ஜியான் சில்வர் 4210, 10 கோர், ஒழுங்கான பிள்ளை. கூட்டாஞ்சோறு: கொம்தார் பக்கத்துக் கடைகளில் ஒவ்வொரு சாமானாக வாங்கி நானே பூட்டிய ரைசன் 5. அதை சர்வர் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மூன்றிலும் வேகம் அதுதான்.

பட்டியலைப் பார்த்துவிட்டு பாஸ்: "தாத்தா இன்னும் ஓடுதே, அப்புறம் ஏன் மாத்தணும்?"

செப்டம்பர் 11

எல்லோரும் போன பிறகு தாத்தாவை அணைத்து இஎஸ்எக்ஸ்ஐ 8 இன்ஸ்டாலரை யுஎஸ்பியிலிருந்து ஓட விட்டேன். சிபியுவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. தாத்தாவுடைய சிபியுவின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையை 8 கைகழுவிவிட்டது. பூட் ஆகும்போது ஷிஃப்ட்-ஓ அழுத்தி "அலவ் லெகசி சிபியு" என்று ஒரு வரி சேர்த்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிக்கொள்ளும். ஏற்றலாம். நடுராத்திரியில் இஎஸ்எக்ஸ்ஐ படுத்து ஊதா ஸ்கிரீன் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

கூட்டாஞ்சோற்றின் கதை வேறு. சிபியு புதியது, ஆனால் நெட்வொர்க் கார்டு ரியல்டெக். 7 வந்தபோது பழைய லினக்ஸ் டிரைவர் அடுக்கையே எடுத்துவிட்டார்கள், ரியல்டெக்குக்கு என்று சொந்த டிரைவர் வைக்கவில்லை. நெட்வொர்க் அடாப்டரே இல்லை என்று சொல்லி இன்ஸ்டாலர் அங்கேயே நின்றுவிடும்.

ஆக ஒருவருக்கு வயது தடை, இன்னொருவருக்குக் குடும்பம் தடை. இந்த வாரம் எதைக் கேட்டாலும் எனக்கு அப்படித்தான் காதில் விழுகிறது.

செப்டம்பர் 12

17-ம் தேதி புரட்டாசி பிறந்துவிடும், அதற்குள் சொல்லாவிட்டால் ஐப்பசி வரை வாய் திறக்க மாட்டார்கள் என்கிறார் அம்மா.

செப்டம்பர் 13, சனி

விஎம்வேருக்குப் பதில் ப்ராக்ஸ்மாக்ஸ்தான். பாஸிடம் சொல்லிவிட்டேன். "சும்மா கொடுக்கிறான்னா ஏதோ கோளாறு இருக்கு தம்பி." வியன்னாவில் இருக்கும் கம்பெனி, 2008-லிருந்து வருகிறது, அடியில் டெபியன் லினக்ஸ், உள்ளே வேலை செய்வது கேவிஎம், அந்த கேவிஎம் 2007-லிருந்தே லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது என்றெல்லாம் விளக்கினேன். அவர் காதில் ஏறியது வியன்னா மட்டும்தான். சப்போர்ட் வேண்டுமானால் சாக்கெட் (சிபியு எண்ணிக்கை) கணக்கில் வருஷச் சந்தா, கோரை எண்ண மாட்டார்கள் என்றதும் முகம் தெளிந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

கூட்டாஞ்சோற்றில் போன வருஷம் விளையாட்டாக ப்ராக்ஸ்மாக்ஸ் 8 போட்டு வைத்திருந்தேன். அதை 9 ஆக்கும் வேலை. 9 வெளிவந்ததே ஆகஸ்ட் 5-ல்தான், டெபியன் 13-ன் மேல் நிற்கிறது. எனக்கு இவர்களிடம் பிடித்தது இந்த விஷயம்: முதலில் ஒரு சோதனை ஸ்கிரிப்ட், எது இடிக்கும் என்று மஞ்சளிலும் சிவப்பிலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மஞ்சள் எல்லாவற்றையும் தீர்த்தேன். ரெப்போவை (அப்டேட் இறங்கும் இடத்தை) மாற்றி, லைன் அறுந்தாலும் வேலையை விடாத டிமக்ஸுக்குள் அப்கிரேட். உலாவியில் வரும் ஷெல்லில் மட்டும் இதைச் செய்யக் கூடாது, பாதியில் அந்த ஷெல்லே அறுந்துவிடும்.

அப்கிரேட் சுத்தமாக முடிந்தது. அப்புறம்தான் ஆட்டம். இடம் போதாது என்று இன்னொரு என்விஎம்இ டிஸ்க்கைச் செருகி, போர்டின் பயாஸையும் புதிதாக்கி ஆன் செய்தால் பெட்டி நெட்வொர்க்கிலேயே இல்லை. புதிய டிஸ்க் பிசிஐ வரிசையில் புகுந்துகொண்டதால் நெட்வொர்க் கார்டின் எண் ஒன்று தள்ளிப் போயிருக்கிறது. 'இஎன்பி4' இப்போது 'இஎன்பி5'. விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜோ இன்னும் 4-ஐத் தேடிக்கொண்டிருக்கிறது. மானிட்டரும் கீபோர்டும் தூக்கிக்கொண்டு மாடி ஏறி, ஃபைலில் ஒரு எண்ணை மாற்றியதும் சரியானது. 9-ல் கார்டின் பெயரை ஆணியடித்து வைக்க ஒரு கருவியே கொடுத்திருக்கிறார்கள், உடனே அடித்துவிட்டேன். அடுத்து எந்த விஎம்மும் எழவில்லை, கேவிஎம் கிடையாது என்கிறது. புதிய பயாஸ் எல்லா செட்டிங்கையும் பழையபடி ஆக்கியிருக்கிறது, சிபியுவில் விஎம்களை ஓட விடும் எஸ்விஎம் அணைந்து கிடக்கிறது. இந்தக் காலத்திலும் அதை அணைத்தே அனுப்புகிற போர்டு கம்பெனிக்காரர்கள் என்ன நினைத்துக்கொண்டு இருக்கிறார்களோ.

செப்டம்பர் 16

மலேசிய தினம். தூங்கினேன்.

செப்டம்பர் 17

புரட்டாசி பிறந்துவிட்டது.

செப்டம்பர் 18

சின்ன லினக்ஸ் விஎம் ஒன்றை இறக்குமதி விஸார்டில் கொண்டு வந்தேன். இஎஸ்எக்ஸ்ஐ முகவரியைக் கொடுத்தால் அங்கிருக்கும் விஎம் எல்லாம் இங்கே பட்டியலாகத் தெரிகிறது. அணைத்தேன், இழுத்தேன், எழுந்தது. இவ்வளவுதானா! ராத்திரி நாசி கண்டார் சோறு, கூட ஒரு முட்டை.

செப்டம்பர் 20, சனி

கணக்கு சர்வர். விண்டோஸ் 2016. இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். ஜூலை 1 முதல் எங்கள் அளவு கம்பெனிகளுக்கும் இ-இன்வாய்ஸ் வந்துவிட்டது. முன்பு மாதிரி, சர்வர் கெட்டால் கையால் எழுதிச் சமாளிப்போம் என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் விண்டோஸுக்குள் இருந்த விஎம்வேர் டூல்ஸைக் கழற்றினேன். அதை இங்கேயே செய்துவிட வேண்டும், ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் போன பிறகு அது கழற்றவே விடாது. அப்புறம் ஸ்னாப்ஷாட் எல்லாம் அழித்தேன், அவை இருந்தால் இறக்குமதி நத்தை வேகம். டிஸ்க் 400 ஜிபி. ஜிகாபிட் வயரில் நொடிக்கு 110 மெகாபைட் என்று வைத்தால் கணக்குப்படி ஒரு மணி நேரம். அந்தப் பட்டை கணக்குப்படி நகரவில்லை. பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்டாசி சனி என்பதால் வீட்டில் வாழையிலைச் சாப்பாடு, நான் மட்டும் இங்கே சைவ மீ கோரேங் தாப்பாவ் (பார்சல்).

பூட் டிஸ்க்கை ப்ராக்ஸ்மாக்ஸின் வேகமான விர்ட்ஐஓ வகையில் கொடுத்தால் விண்டோஸ் நீல ஸ்கிரீனில் விழும், உள்ளே அதற்கான டிரைவர் இல்லை. அதனால் முதலில் விண்டோஸுக்குத் தெரிந்த சாட்டா என்று கொடுத்து எழுப்பி, கூடவே 1 ஜிபி-யில் ஒரு வெற்று விர்ட்ஐஓ டிஸ்க்கையும் ஒட்டினேன். விண்டோஸ் அதைப் பார்த்து டிரைவரை ஏற்றிக்கொண்டது. அணைத்து, வெற்று டிஸ்க்கைத் தூக்கிப் போட்டு, பூட் டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றினேன். எழுந்தது. எட்டிப் பார்த்தால் தெரு விளக்கு எல்லாம் எரிகிறது.

செப்டம்பர் 21

கணக்கு சர்வரின் விண்டோஸ் பழைய ஐபி முகவரியைப் போடவிடாமல் அடம். அந்த முகவரி வேறு அடாப்டருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிறது. அந்த வேறு அடாப்டர், விட்டுவிட்டு வந்த விஎம்வேர் கார்டின் ஆவி. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொன்னால் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறது. அழித்தேன்.

செப்டம்பர் 24

டாங்கிள். யாருமே சொல்லவில்லை. தாத்தாவின் முதுகில் கட்டைவிரல் அளவுக்கு ஊதா நிறத்தில் ஒன்று. அதன் மேல் செலோடேப், செலோடேப்புக்கு அடியில் "ஜாங்கான் சாபுட்" என்று பால்பாயிண்டில் மலாய், கீழே "புடுங்காதே" என்று தமிழ், அதற்கும் கீழே சீனத்தில் ஏதோ. மை கலங்கி, டேப் பழுப்பேறிவிட்டது. அந்த டாங்கிள் இல்லாவிட்டால் கணக்கு சாஃப்ட்வேர் டெமோவாக மாறிவிடுகிறது. கணக்கு அக்காவிடம் கேட்டால், "அதை வச்சவர் ரிட்டையர் ஆகிட்டார் தம்பி, ஆட்டாம வச்சிரு."

ஆட்டினேன். பெட்டியில் செருகியதை விஎம்முக்கு நேராகக் கொடுக்கும் யுஎஸ்பி பாஸ்த்ரூவில் போர்ட் எண்ணைக் கொடுக்காமல் டாங்கிளின் அடையாள எண்ணையே கொடுத்தேன். இனி எந்த ஓட்டையில் செருகினாலும் விஎம் அதைப் பிடித்துக்கொள்ளும். செருகியிருக்கும் பெட்டியை விட்டு விஎம் மட்டும் நகர முடியாது, அதுதான் இதன் விலை.

ஈப்போ. ஒன்றுமில்லை.

செப்டம்பர் 27, சனி

காலியான தாத்தாவுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ். முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார், கிழவருக்கு மரியாதை கொடுக்கிற சாஃப்ட்வேர். ரெய்டு கார்டு இருப்பதால், டிஸ்க்குகளைத் தானே ஆளும் இசட்எஃப்எஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதற்கு டிஸ்க்குகளோடு நேராகப் பேச வேண்டும், நடுவில் ஆள் இருந்தால் ஆகாது. டிஸ்க்கைப் பங்கு போட சாதாரண எல்விஎம் போதும்.

சாயங்காலம் இடி மழை, கரண்ட் போனது, யுபிஎஸ் மூச்சை விட்டது. திரும்ப எழுந்ததும் அப்டேட் இறங்க மாட்டேன் என்கிறது. அந்த ரிலீஸ் ஃபைல் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று வாசகம். பார்த்தால் தாத்தா 2012 ஜனவரியில் இருக்கிறார். பயாஸ் பேட்டரி செத்துவிட்டது. சாதாரண சிஆர்2032, பக்கத்துக் கடையில் சில வெள்ளி (ரிங்கிட்).

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லோரிகளுக்கு மாலை, ஃபோர்க்லிஃப்டுக்கு எலுமிச்சை. அக்கா தட்டோடு மாடிக்கே வந்துவிட்டார். சந்தனமும் குங்குமமும் சின்னவனின் முகப்பில், காற்றுப் போகும் ஓட்டைகளை விட்டு ஓரமாக. விபூதி மட்டும் வேண்டாம் அக்கா, ஃபேன் இழுத்துக்கொள்ளும் என்று கெஞ்சிப் பார்த்தேன். "சாமிகிட்டயே கண்டிஷனா?" என்றார், ஆனால் போடவில்லை.

அக்டோபர் 2

விஜயதசமி. இன்றோடு 7-க்கு சப்போர்ட் முடிந்தது. சின்னவன் மட்டும் இன்னும் அதில்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

சின்னவனும் வந்துவிட்டான். மூன்றையும் ஒரே கிளஸ்டரில், ஒரே கூட்டமாகச் சேர்த்தேன். கணக்கு விஎம்மும் டாங்கிளும் இனி அவனிடம். எல்லா விஎம்முக்கும் சிபியு வகையை, மூன்று பெட்டிக்கும் பொதுவான எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் என்றே விட்டுவிட்டேன். சின்னவனால் இதைவிட எவ்வளவோ முடியும். ஆனால் "ஹோஸ்ட்" என்று கொடுத்து அவனுடைய எல்லா வித்தையையும் விஎம்முக்குக் காட்டிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே தாத்தாவிடம் நகர்த்தினால் அங்கே படுத்துவிடும். கூட்டாஞ்சோற்றுக்கு மட்டும் அணைத்துவிட்டுத்தான் நகர்த்துவேன். இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்கு உயிரோடு நகர்த்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அக்டோபர் 9

தூக்கம் வரவில்லை. மூன்று பெட்டிக் கிளஸ்டரில் குறைந்தது இரண்டு பெட்டி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதலில் இரண்டை ஏற்றி அனுப்பினால் தீவில் நிற்பது ஒன்று. ஓடுகிற விஎம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அணைந்த எதையும் எழுப்ப முடியாது. ஒரு பெட்டி விழுந்தால் விஎம்மை வேறு பெட்டியில் தானாக எழுப்பும் எச்ஏ வைக்கவில்லை, நல்லவேளை. வைத்திருந்தால் தனியாக நிற்கும் பெட்டி தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் ஒன்று என்று லைனில் இழுத்துக் கட்டலாமா என்றால், பெட்டிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் கோரோசிங்குக்கு 5 மில்லிசெகண்டுக்குள் பதில் வர வேண்டும். எங்கள் லைனுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

பேசாமல் மூன்றையும் ஒரே லோரியில் ஏற்றலாம். ஒரே லோரியில் மூன்றும், பாலத்தில் ஒரு சடன் பிரேக். வேண்டாம்.

அக்டோபர் 12

புது இடத்தில் சர்வர் அறைக்கு ஏர்கான் ஓட்டை போட்டாயிற்று, ஏர்கான் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 15

பேக்கப்பிலிருந்து கணக்கு விஎம்மை வேறு எண்ணில் ரீஸ்டோர் செய்து, நெட்வொர்க் வயரைக் கழற்றி வைத்து எழுப்பினேன். கடைசி இன்வாய்ஸ் வரை இருக்கிறது. ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒத்துக்கொள்வதில்லை. இது பாஸுக்கும் தெரியும், அதனால்தான் டிஸ்க் வாங்கக் காசு கொடுத்தார், திட்டிக்கொண்டே.

அக்டோபர் 17, வெள்ளி

தாத்தாவையும் கூட்டாஞ்சோற்றையும் காலையில் ஏற்றினோம், மெத்தைக்கு நடுவில். நானும் கூடவே போனேன். புக்கிட் மின்யாக்கில் இறக்கி ரேக்கில் பூட்டிக்கொண்டிருந்தபோது அக்கா போன். "தம்பி, சர்வர் போயிருச்சு." ரிமோட்டில் வேலை முடித்துவிட்டு லாக் ஆஃபுக்குப் பதிலாக ஷட்டவுனை அழுத்தியிருக்கிறார். இன்றைக்குப் பார்த்து! விபிஎன் வழியாக நுழைந்து எழுப்பினால், கிளஸ்டர் தயாராக இல்லை, கோரம் (போதுமான பெட்டிகளின் வாக்கு) இல்லை என்று பதில். இனி ஒரு பெட்டியின் வாக்கே போதும் என்று ஒரு கட்டளை கொடுத்ததும் எழுந்துவிட்டது. அக்கா கேட்டார்: "நான் ஒண்ணும் உடைக்கலையே?"

ராத்திரி அம்மா பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டே, நாளைக்கு ஐப்பசி என்றார். தெரியும் என்றேன்.

அக்டோபர் 18, சனி

சின்னவனுக்கு லோரி 9 மணிக்கு. ஈப்போ நம்பர் அடிக்கிறது, ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், இன்னொரு கையில் டாங்கிளை வைக்க ஜிப் பை. அம்மாவிடம் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். லோரி அண்ணன் கீழே ஹாரன் அடிக்கிறார், தீபாவளி ஜாம் ஆரம்பித்துவிட்டதாம், பாலத்தில் இப்போதே வண்டி நிற்கிறதாம். அக்கா இன்னும் ரிமோட்டில்தான் இருக்கிறார், ஒரே ஒரு இன்வாய்ஸ் தம்பி என்கிறார்.