ஏரிக்கரை வீடு: முதலில் மோட்டார்

பல வாரம் பூட்டிக் கிடந்த ஏரிக்கரை வீட்டைத் திறந்ததும் முதலில் மோட்டாரைப் பாருங்கள். சத்தம் மட்டும் வந்து தண்ணீர் வராவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்பில் கசிவைத் தடுக்கும் சீல் கருகிவிடும்.

பம்பின் மேல்மூடியைக் கழற்றி, காற்றுக் குமிழி அடங்கி விளிம்பில் தளும்பும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற மட்டம் இறங்குகிறதா? ஏரிக்குள் உறிஞ்சுகுழாயின் அடிமுனையில், ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் புட்வால்வு சரியாக மூடவில்லை. பெரும்பாலும் பாசியோ சிறு கல்லோ சிக்கியிருக்கும். கழுவிப் போட்டாலே போதும். மட்டம் நின்றும் தண்ணீர் ஏறவில்லையென்றால், உறிஞ்சுகுழாய் இணைப்பில் காற்று இழுக்கிறது. டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றுங்கள். பம்ப் நீர்மட்டத்துக்கு மேல் 7, 8 மீட்டரைத் தாண்டி இருந்தால் எந்த டேப்பும் உதவாது. புட்வால்வு ஏரித் தரையைத் தொடாமல் ஓரடி மேலே தொங்கட்டும், இல்லாவிட்டால் சேற்றைத்தான் இழுக்கும்.

இந்தத் தண்ணீர் குளிக்கவும் கழிப்பறைக்கும்தான். குடிக்க வேறு வழியில்லை என்றால் துணியில் வடிகட்டி, தளதளவென்று 1 நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் 3 நிமிடம். ஏரி பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் கிடந்தால் அதுவும் பயனில்லை. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதித்தாலும் போகாது. பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு ஏரிக் குளியலும் கிடையாது.