கிண்டியா, குரோம்பேட்டையா, மதுரையா: தம்பிக்கு சாய்ஸ் ஃபில்லிங் போட்ட அனுபவம்

தம்பிக்கு டிஎன்இஏ (தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்) ரேங்க் வந்த அன்னைக்கே வீட்ல மூணு கட்சி ஆயிடுச்சு. அப்பாவுக்கு கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்தான், கோர்ஸ் எதுவா இருந்தாலும் பரவால்ல, 1794ல ஆரம்பிச்ச இடத்துல பையன் படிக்கிறான்னு நாலு பேர்கிட்ட சொல்லணும். அம்மாவுக்கு அண்ணா யுனிவர்சிட்டியோட மதுரை ரீஜினல் கேம்பஸ், சனிக்கிழமையானா வீட்டுக்கு வந்துடுவான்ல. தம்பிக்கு இசிஇ கிடைச்சா எங்கன்னாலும் ஓகே. சாய்ஸ் ஃபில்லிங்குக்கு, அதாவது வேணும்ங்கற காலேஜ், கோர்ஸை வரிசையா போடறதுக்கு, லேப்டாப் முன்னாடி உக்கார்றது மட்டும் நான்.

அண்ணா யுனிவர்சிட்டின்னு எல்லாரும் பொதுவா சொல்லிடறாங்க, ஆனா உள்ள பிரிவு நிறைய. கிண்டி காம்பவுண்டுக்குள்ளயே சிஇஜி (அப்பா சொல்ற கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்), ஏசி டெக் (அழகப்பா டெக்னாலஜி காலேஜ்), ஆர்க்கிடெக்சர் ஸ்கூல் மூணும் இருக்கு, எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) தனியா குரோம்பேட்டைல. இந்த நாலுதான் 1978ல ஒண்ணா சேர்த்த யுனிவர்சிட்டி டிபார்ட்மென்ட்ஸ். அப்புறம் கோவை, மதுரை, திருநெல்வேலி ரீஜினல் கேம்பஸ், விழுப்புரம் பண்ருட்டி நாகர்கோவில் மாதிரி ஊர்கள்ல யுனிவர்சிட்டி காலேஜ். இதுக்கெல்லாம் வெளியதான் நம்ம ஊர்ல பஸ் அனுப்புற அஃபிலியேட்டட் காலேஜ் எல்லாம்.

நாலு கேம்பஸுக்கும் ப்ளேஸ்மென்ட் சியுஐசின்ற ஒரே ஆபீஸ் வழியாத்தான் நடக்குதுன்னு தெரிஞ்சப்போ அப்பா வாதத்துல பாதி காலி. மீதி பாதி நேர்ல போனப்போ போச்சு. கிண்டி அழகுதான், அந்த செவப்பு பில்டிங் முன்னாடி நின்னா யாருக்கும் ஆசை வரும், அப்பா போட்டோ எடுத்து தள்ளிட்டாரு. ஆனா தம்பி ரேங்குக்கு அங்க எட்டுற மாதிரி இருந்தது மைனிங், பிரின்டிங் இந்த மாதிரி கோர்ஸ்தான், அவனுக்கு அதுல ஒரு துளி இன்ட்ரஸ்ட் இல்ல. எம்ஐடி குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துலயே, கேம்பஸ் சின்னது, அப்துல் கலாம் ஏரோநாட்டிகல் படிச்ச இடம்னு சொன்னதும் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தாரு (அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்). சீனியர் பசங்ககிட்ட பொதுவா காலேஜ் எப்படின்னு கேட்டா சூப்பர்னுதான் சொல்வாங்க, அதனால ஹாஸ்டல்ல எத்தனை பேருக்கு ஒரு ரூம், லேப்ல உங்க கையால என்ன பண்ணீங்க, உங்க பிரான்ச்சுக்கு மட்டும் எந்தெந்த கம்பெனி வந்துச்சுன்னு கேட்டோம், அப்போதான் பேச்சு வந்துச்சு.

போன வருஷ கட்-ஆஃப் பார்த்து சாய்ஸ் போடறவங்க தயவுசெஞ்சு ரேங்கையும் பாருங்க. மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200, பேப்பர் ஈசியா வந்த வருஷம் அதே கட்-ஆஃப்ல ரேங்க் ரொம்ப கீழ போயிடும். அதுவும் நம்ம கம்யூனிட்டி ரேங்க் எதுல க்ளோஸ் ஆச்சுன்னு பார்க்கணும். அப்புறம் சில கோர்ஸ் பேருக்கு பக்கத்துல எஸ்எஸ்னு இருக்கும், செல்ஃப் சப்போர்ட்டிங், ஃபீஸ் கூட, ரெண்டையும் ஒண்ணா நெனச்சு வரிசைல போட்டுடாதீங்க.

கடைசில நான் காலேஜா பிரிக்கவே இல்ல, காலேஜும் கோர்ஸும் சேர்ந்ததை ஒரு வரின்னு வெச்சு, ரெண்டு ரெண்டா காட்டி இதா அதான்னு தம்பிகிட்டயே கேட்டேன். எம்ஐடி இசிஇ மேல, அதுக்கு கீழ எம்ஐடி இன்ஸ்ட்ருமென்டேஷன், அடுத்து மதுரை இசிஇ. சிஇஜி மைனிங்கை முதல்ல போடுன்னு அப்பா திரும்ப ஆரம்பிச்சாரு, முடியவே முடியாதுன்னுட்டேன். ஏன்னா அக்செப்ட் அண்ட் அப்வர்ட், அதாவது கிடைச்ச சீட்டை வெச்சுக்கிட்டே மேல இருக்கற சாய்ஸுக்கு காத்திருக்கற ஆப்ஷன், குடுத்தா மேல இருக்கற சாய்ஸ்ல சீட் காலியானதும் தானா அங்க தூக்கி போட்டுடும், கைல இருந்த பழைய சீட் போயிடும், அப்புறம் அய்யோ அது வேணாம்னு சொல்ல முடியாது.

முதல்ல வந்தது எம்ஐடி இன்ஸ்ட்ருமென்டேஷன். அப்வர்ட் குடுத்து ஃபீஸ் கட்டிட்டு உக்காந்திருந்தோம், இசிஇக்கு நகரல. இப்போ அதுலயேதான் படிக்கிறான், சர்க்யூட் பக்கம்தானே அக்கான்னு சொல்லிட்டு நிம்மதியா இருக்கான், அம்மாதான் இன்னும் சனிக்கிழமை கணக்கு பேசிட்டு இருக்காங்க.