மலையிறக்கத்தில் துடித்த பிரேக்

மலைப்பாதையில் இறங்கத் தொடங்கிய பத்தாவது நிமிடம், பிரேக் பெடல் என் பாதத்தைத் திருப்பித் தள்ள ஆரம்பித்தது. அழுத்தும்போதெல்லாம் நாடிபோலத் துடித்தது. வேகம் குறையக் குறையத் துடிப்பும் மெதுவானது. கூடவே ஸ்டியரிங் ஆடியது. பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பயந்துவிட்டேன்.

பெடலைத் துடிக்கவைப்பது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸாக இருக்குமோ? சக்கரம் வழுக்கும் அளவுக்குப் பிரேக் போட்டால்தான் அது வேலை செய்யும். இங்கே காய்ந்த சாலை, லேசான அழுத்தம். ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது கியருக்கு மாற்றி, வேகத்தை எஞ்சினிடம் ஒப்படைத்து, பெடலை விட்டு விட்டுத் தொட்டு அடிவாரம் சேர்ந்தேன்.

மறுநாள் பார்த்த மெக்கானிக், சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது என்ற வழக்கமான பதிலைச் சொல்லவில்லை, அளந்தார். நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை டிஸ்க்கின்மேல் வைத்துச் சுழற்றினால் முள் 0.10 மி.மீ. வரை ஆடியது. பல கார்களுக்கு 0.05 மி.மீ.தான் எல்லை. பிறகு மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடங்களில் தடிமன் பார்த்தார். வித்தியாசம் 0.03 மி.மீ. தலைமுடியைவிட மெல்லியது, ஆனாலும் கால் அதை உணர்ந்துவிடுகிறது. தடித்த பகுதி வரும்போதெல்லாம், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, அந்த அழுத்தம் பிரேக் திரவம் வழியாகப் பெடலுக்கு வந்துவிடுகிறது.

டிஸ்க்கைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் ஹப்பின் முகத்தில் நகக்கண் அளவு துருப்பொருக்கு. அதன்மேல் உட்கார்ந்த டிஸ்க் சற்றே சாய்ந்து சுழன்றிருக்கிறது. பிரேக் போடாதபோதும் ஒரே இடம் பேடில் உரசி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்திருக்கிறது. முன்பு டயர் மாற்றிய இடத்தில் வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி முடுக்கியதும் சாய்வைக் கூட்டியிருக்கும் என்றார். துருவை அப்படியே விட்டுப் புது டிஸ்க் போட்டிருந்தால், சில மாதங்களில் அதே துடிப்பு திரும்பியிருக்கும்.

கம்பி பிரஷ்ஷால் ஹப்பைப் பளபளவெனத் தேய்த்தார். இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேட். நட்டுகளை எதிரெதிராக, குறித்த விசையில் முடுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முடுக்கினார். முள் இப்போது 0.03-ஐத் தாண்டவில்லை. ஆளில்லாத சாலையில் மணிக்கு 50 கி.மீ.யிலிருந்து 10 வரை எட்டு முறை, முழுதாக நிறுத்தாமல் வேகம் குறைக்கச் சொன்னார். பேடின் பொருள் டிஸ்க்கில் சமமாகப் படிய இதுவே வழி.

அடுத்த மலையின் இறக்கம் முடிந்த இடத்தில் சமதளம் பார்த்து நிறுத்தினேன். சூடான டிஸ்க்கில் பேட் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் திட்டுப் படியும் என்று அவர் எச்சரித்திருந்தார். உடனே பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.