அம்மாவின் கழுத்து ஸ்கேனுக்காக இரண்டு ஃபெர்ரி பயணம்

அம்மாவின் இடது தாடைக்குக் கீழே கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. மூன்று வாரமாகியும் கரையவில்லை. டாக்டர் அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்தார், கவுண்டரில் தேதியும் கிடைத்தது.

தேதி அட்டையோடு ஒரு தாளைப் பின் அடித்திருந்தார்கள். முதல் நாள் நள்ளிரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாதாம். அப்படியே கேட்டோம். அன்று பட்டர்வொர்த்தில் பினாங்குத் தீவுக்குக் காலை ஃபெர்ரி ஏறும்போது அம்மா பசியாறவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். ஜார்ஜ்டவுன் கரையில் இறங்கியதும் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பக்கத்துக் கடையில் ஒரு மைலோ வாங்கிக் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. நான் பயந்ததைச் சொல்லி மாளாது.

ஸ்கேன் அறை மிஸ்ஸி (நர்ஸ்) தாளைப் பார்த்துவிட்டு, “இது வயிற்று ஸ்கேனுக்குக் கொடுக்கிறதும்மா” என்றார். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், அதனால் வயிற்றுக்குத்தான் வெறும் வயிறு வேண்டும். கழுத்துக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வந்தாயிற்று, எடுத்துவிடலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. படிவத்தில் ‘தைராய்டு’ என்று மட்டும் இருந்தது. தைராய்டு குரல்வளைக்குக் கீழே, முன்கழுத்தில் இருப்பது. கட்டியோ தாடைக்கு அடியில். டாக்டர் திருத்தித் தர வேண்டும், அவரோ அன்று லீவு. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டு வாரம் தள்ளி வேறு தேதி எழுதினார். அம்மாவைக் கைத்தாங்கலாகத் திரும்ப அழைத்து வந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அதனால் டாக்டர் அறையிலிருந்து எழுவதற்கு முன்பே படிவத்தைப் படியுங்கள். எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை நாளாக இருக்கிறது, எல்லாம் எழுதியிருக்க வேண்டும். டாக்டரின் முத்திரையையும் பாருங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள், கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட அதுதான் உதவும்.

இரண்டாம் முறை இருபது நிமிடத்தில் முடிந்தது. தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று அம்மா வழியெல்லாம் கவலைப்பட்டார். மிஸ்ஸியே அதைக் கீழே இறக்கி ஒரு துண்டால் மூடிவிட்டார், ஜெல் படவில்லை. அந்த அக்கா நன்றாக இருக்கட்டும். தோளுக்கு அடியில் தலையணை வைத்துத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டி இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். படம் எடுப்பவரிடம் முடிவு கேட்டால் சொல்ல மாட்டார், ரிப்போர்ட் டாக்டரிடம்தான் போகும்.

கட்டி என்று பயந்தது நிணநீர்க் கணு, அதாவது நோய்க்கிருமிகளை எதிர்க்க எல்லார் உடம்பிலும் இருக்கும் சின்ன முடிச்சு. குறுக்களவு 7 மில்லிமீட்டர், நீள்வட்ட வடிவம், நடுவில் கொழுப்பு தெரிகிறது. இதெல்லாம் நல்ல அறிகுறி என்றார் டாக்டர். சொத்தைப் பல்லால் வீங்கியிருக்கலாமாம். தைராய்டில் 9 மில்லிமீட்டரில் சின்ன முடிச்சு ஒன்றும் தெரிந்தது. அதன் அளவுக்கும் தோற்றத்துக்கும் ஊசியால் குத்தி மாதிரி எடுத்துச் சோதிக்கத் தேவையில்லை என்றார். அம்மா அன்று இரவுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த வாரம் பல் டாக்டர். அதற்கான படிவத்தை டாக்டர் எதிரிலேயே உட்கார்ந்து படித்துவிட்டேன்.